தூங்குகிறவரை எழுப்பக் கூடாது

— ...அப்ப அந்தப் பொண்ணு போய்டுவாளா, மங்களம்?

— எந்தப் பொண்ணு? கோப்பி ஆறுது, குடிங்க.

— கப்பல்ல இருக்காளே, அவ.

— தஞ்சோங் பகார் துறைமுகத்துல ராத்திரி பூரா கப்பல்ல வேலை பாத்துட்டு வந்து, இங்கயும் கப்பலா?

— தண்ணியில போற கப்பல் இல்ல. ஆகாசத்துல போறது. உன் நோட்டுல.

— ...நோட்டப் படிச்சீங்களா?

— அரிசி டின்னுக்குப் பின்னால இருந்துச்சு.

— அரிசி டின்கிட்ட உங்களுக்கு என்ன வேலை? கட்டி அஞ்சு வருஷத்துல ஒரு நாள் உலை வச்சிருக்கீங்களா?

— பசிச்சுச்சு லா. பேச்ச மாத்தாத.

— எதுவரைக்கும் படிச்சீங்க?

— பன்னண்டாவது அத்தியாயம். அம்மாம் பெரிய கப்பல்ல ரெண்டே பேரு, புருஷன் பொண்டாட்டி. ஒருத்தர் முழிச்சிருந்தா இன்னொருத்தர் தூங்கணும். தூங்குறவங்கள எழுப்பக் கூடாது. அதான் சட்டம்.

— ரெண்டு பேரும் முழிச்சிருந்தா காத்து பத்தாதுங்க. ஊர் போய்ச் சேர நூறு வருஷம் ஆகும்ல...

— அவன் எழுந்து போன படுக்கையில மிச்சம் இருக்குற சூட்டோடதான் அவ குடும்பம் நடத்துறான்னு எழுதியிருக்க.

— கதைதானே. ரஷ்யாக்காரன் ஆகாசத்துல போய் பூமியச் சுத்திட்டு வந்தான்னு ரேடியோல சொன்னாங்க. அதுலேர்ந்து ஒரு கிறுக்கு.

— எனக்கு நைட் ஷிப்ட். உனக்குக் காலையில ஸ்கூல்ல டீச்சர் வேலை. இந்த வீட்டுல ரெண்டு பேரும் முழிச்சிருக்குறது இந்தக் கோப்பி நேரம்தான். இதுவும் கதையா?

— மெதுவா... பக்கத்து வீட்டு ஹலீமாக்காவுக்குக் கேக்கப் போகுது.

— கேக்கட்டும். இந்த வீட்டுலயும் ஆளு இருக்குன்னு தெரியட்டும்.

— சரி, மொதல்ல கோப்பியக் குடிங்க.

— ஞாயித்துக்கிழமைகூட என்னை எழுப்ப மாட்ட.

— அலுத்து வந்து படுத்திருப்பீங்க. பாவமா இருக்கும். பக்கத்துல உக்காந்து எழுதிட்டே இருப்பேன்.

— அவளும் அப்படித்தான் உக்காந்திருக்கா. அப்புறம் கப்பல விட்டுத் தனியாப் போறதுக்கு இருக்குற சின்ன ஓடத்தத் தொடச்சு வைக்கிறா... பதிமூணாவது அத்தியாயம் வெறும் பக்கமா இருக்கு.

— இன்னும் முடிவு பண்ணல.

— கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கு. அதுல அம்மாந் தூரத்துல இருக்குற பினாங்கு ஸ்கூல்லேர்ந்து உனக்கு வந்த வேலைக் கடுதாசி இருக்கு. அதையும் படிச்சேன்.

— ...சொல்லணும்னுதான் இருந்தேன். எப்பச் சொல்றது? நீங்க தூங்கிட்டே இருந்தீங்க.

— அவன் ஒரு வார்த்தை எழுதி வச்சா... அவ இருப்பாளா?

— அவனாவது, எழுதுறதாவது.

— எழுதினான்னு வச்சுக்கயேன்.

— எழுதுவான். எழுதிட்டு அழிச்சுடுவான், உங்கள மாதிரி. பதிமூணாவது அத்தியாயத்துல நீங்க அழிச்ச பென்சில் தடம் இருந்துச்சு. விரலால தடவித் தடவிப் படிச்சேன்... 'என்னை எழுப்பு'. அதை வாயால கேப்பீங்கன்னுதான், மூணு வாரமா ஒண்ணும் தெரியாத மாதிரி அந்தப் பெட்டியப் பூட்டாம வச்சிருக்கேன்.