வேலை இல்லாதவர்களின் தெரு

வீட்டுக்காரி: வேலையே இல்லைன்னு போட்டுக்கோங்க மேடம்.

வந்தவள்: நான் கேள்வியை முடிச்சிடறேம்மா. அப்புறம் பதில் சொல்லுங்க. வீட்டுத் தலைவர் போன வாரத்துல எத்தனை நாள்...

வீட்டுக்காரி: இல்லை.

வந்தவள்: இன்னும் கேட்கவே இல்லையே.

வீட்டுக்காரி: எதைக் கேட்டாலும் அதான் பதில். பக்கத்து வீட்டுல நீங்க கேட்டது எனக்குக் கேட்டுச்சு. நடுவுல ஒத்தைச் செங்கல் சுவருதானே.

வந்தவள்: அப்போ அவங்க சொன்னதும் கேட்டிருக்கும்.

வீட்டுக்காரி: ம்...

வந்தவள்: அவங்க வீட்டுலயும் வேலையில்லையாம். அதுக்கு முந்தின வீட்டுலயும். எதிர் வரிசை முழுக்கவும். மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிற மாதிரி ஒரே பதில்.

வீட்டுக்காரி: இல்லாதவங்க தெரு மேடம். இல்லாமைக்கு வீட்டுக்கு வீடு வேற வேற பதிலா இருக்கும்?

வந்தவள்: நல்லாத்தான் பேசறீங்க. சரி, வேலையில்லாத ஆம்பளைங்க பகல்ல எங்க இருப்பாங்க?

வீட்டுக்காரி: எங்கயாவது...

வந்தவள்: நான் எத்தனையோ தெருவுல கணக்கெடுத்திருக்கேன். வேலை இல்லாத தெருன்னா டீக்கடை நிரம்பி வழியும். மரத்தடியில சீட்டாட்டம் நடக்கும். நான் வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டா அவர் முந்திக்கிட்டுப் பதில் சொல்வாரு. இங்க டீக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கிட்டிருக்காரு. தெருமுனையிலருந்து நடந்து வரேன், ஒரு ஆம்பளை முகத்தைப் பார்க்கல.

வீட்டுக்காரி: வெயிலு மேடம்.

வந்தவள்: வெயிலா...

வீட்டுக்காரி: தண்ணி குடிக்கிறீங்களா? குடிச்சிட்டுக் கிளம்புங்க. இந்தத் தெருவுல எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல.

வந்தவள்: உள்ள யாரோ இருமறாங்களே.

வீட்டுக்காரி: என் வீட்டுக்காரர்தான். உடம்புக்கு முடியல. கொஞ்சம் மெதுவா பேசுங்க.

வந்தவள்: இது சாதாரண இருமலா தெரியலியே. நெஞ்சைப் பிச்சு எடுக்கிற மாதிரி இருக்கு.

வீட்டுக்காரி: சளி கட்டிக்கிச்சு.

வந்தவள்: ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?

வீட்டுக்காரி: அதுவும் உங்க கணக்குல வருதா?

வந்தவள்: வரல. மனுஷிக்கு மனுஷி கேட்கறேன்.

வீட்டுக்காரி: ...போகல.

வந்தவள்: உடம்பு முடியாமப் போறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாரு?

வீட்டுக்காரி: கிடைச்ச வேலை. மூட்டை தூக்கறது, மண்ணு வெட்டறது.

வந்தவள்: மண்ணு வெட்டினவர் துண்டுல எப்படிம்மா இவ்வளவு நீலம்? கொடியில காயுது பாருங்க. வாசல் சாக்கடையும் நீலமாத்தான் ஓடுது. இந்தப் பக்கம் சாயப்பட்டறை இருக்கா?

வீட்டுக்காரி: இருந்துச்சு. மூடிட்டாங்க.

வந்தவள்: எப்போ?

வீட்டுக்காரி: கொஞ்ச நாள் ஆச்சு.

வந்தவள்: யாரெல்லாம் அங்க வேலைக்குப் போனாங்க?

வீட்டுக்காரி: இந்தத் தெருவிலருந்து யாரும் போனதில்ல. யாருமே போனதில்ல. இதை மட்டும் நல்லா எழுதிக்கோங்க.

வந்தவள்: ஏம்மா தெருமுனையையே பார்க்கறீங்க?

வீட்டுக்காரி: மேடம், கணக்கு எழுதற அந்தப் போனை உள்ள வைங்க. அவர் வராரு.

வந்தவள்: யாரு?

வீட்டுக்காரி: மேஸ்திரி. பட்டறைக்கு ஆள் பிடிக்கிறவரு. நான் உங்ககிட்ட எதுவும் சொல்லல.

வந்தவள்: நீங்கதான் எதுவும் சொல்லலியே.

வீட்டுக்காரி: அதையே அவர்கிட்டயும் சொல்லுங்க.

மேஸ்திரி: என்ன தங்கச்சி, விருந்தாளியா?

வீட்டுக்காரி: இல்லண்ணே. கணக்கெடுக்க வந்திருக்காங்க.

மேஸ்திரி: கணக்கா? என்ன கணக்கு மேடம்?

வந்தவள்: யார் என்ன வேலை பார்க்கறாங்க, என்ன வருமானம், எத்தனை குடும்பம் கஷ்டத்துல இருக்குன்னு அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு.

மேஸ்திரி: எல்லாரும் கஷ்டத்துலதான்னு ஒரே வரியில எழுதிட்டுப் போக வேண்டியதுதானே. வீடு வீடா ஏறி எதுக்குக் கால் தேயணும்... ஆமா, போன மாசமே வேற ஒரு அம்மா வந்து இந்தத் தெருவை முடிச்சிட்டாங்களே.

வந்தவள்: அது முதல் சுத்து. எழுதினது சரியான்னு பார்க்க இன்னொருத்தர் வரணும்.

மேஸ்திரி: ஓ. சரியா இருக்கா?

வந்தவள்: பார்த்துக்கிட்டிருக்கேன்.

மேஸ்திரி: பாருங்க, பாருங்க. தங்கச்சி, உன் வீட்டுக்காரன் எப்படி இருக்கான்?

வீட்டுக்காரி: அப்படியேதாண்ணே. தூங்கறாரு.

மேஸ்திரி: ஒரு எட்டு மூஞ்சியைப் பார்த்துட்டுப் போறேன். முதலாளி விசாரிச்சாரு.

வீட்டுக்காரி: இப்பத்தாண்ணே கண் அசந்தாரு...

மேஸ்திரி: நான் என்ன மேளமா அடிக்கப் போறேன்? நேத்தும் தூங்கறான்ன, முந்தாநாளும் தூங்கறான்ன. கும்பகர்ணனாட்டம் அப்படி என்ன தூக்கம்? தள்ளு.

வீட்டுக்காரி: அண்ணே, வேண்டாம்ணே...

வந்தவள்: கொஞ்சம் நில்லுங்க.

மேஸ்திரி: என்ன?

வந்தவள்: அவருக்குச் சளியில ரத்தம் வருதுன்னு இந்தம்மா சொன்னாங்க. காசநோயா இருக்கலாம். சுகாதார நிலையத்துக்கு நான் தகவல் கொடுத்தாகணும். உள்ள போய்ட்டு வந்தவங்க பேரையும் வீட்டையும் கேட்பாங்க. நீங்க போறதுன்னா போங்க. உங்க வீட்டுக்கும் சோதிக்க வருவாங்க.

மேஸ்திரி: காசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது வெறும்...

வந்தவள்: வெறும்?

மேஸ்திரி: ...வெறும் இருமல்.

வந்தவள்: பார்க்காமலே சொல்றீங்களே. அவருக்கு எதனால வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?

மேஸ்திரி: எனக்கு எப்படித் தெரியும்?

வந்தவள்: சரி. நின்னது நின்னீங்க, உங்ககிட்டயும் ரெண்டு கேள்வி கேட்டுக்கறேன். என்ன தொழில் பண்றீங்க?

மேஸ்திரி: நானா... சும்மாதான் இருக்கேன்.

வந்தவள்: நீங்களும் வேலையில்லாதவரா? இப்பத்தானே முதலாளி விசாரிச்சாருன்னு சொன்னீங்க.

மேஸ்திரி: அது ஒரு பேச்சுக்கு.

வந்தவள்: உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?

மேஸ்திரி: மேடம்...

வந்தவள்: போன வாரம் எத்தனை பேர், இந்த வாரம் எத்தனை பேர்?

மேஸ்திரி: மேடம், நீங்க படிச்சவங்க. உங்களுக்கும் வீடு வாசல் இருக்கும். மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க. இந்தத் தெருவுல கனம் இல்லாதவங்களும் பயந்துதான் நடக்கணும். பார்த்துப் போங்க.

வந்தவள்: பார்த்துதான் போவேன்.

மேஸ்திரி: தங்கச்சி, பொழுது சாயறப்ப வண்டியோட வரேன். முதலாளிக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு. உன் வீட்டுக்காரனைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போறோம். நீ கூட வர வேண்டாம்.

வீட்டுக்காரி: இங்கயே வச்சுப் பார்த்துக்கறேன்ணே...

மேஸ்திரி: நீ என்னத்தைப் பார்ப்ப? உனக்கென்ன, புருசன் வீடு வந்து சேர்ந்துட்டான். குடுத்து வச்சவ. வாயை மட்டும் கட்டி வச்சுக்கோ.

வந்தவள்: கொஞ்சம் பொறுங்கம்மா, அந்தாள் போகட்டும்.

வீட்டுக்காரி: போயிட்டாரா?

வந்தவள்: முனை திரும்பிட்டாரு. உட்காருங்க. முதல்ல நீங்க தண்ணி குடிங்க.

வீட்டுக்காரி: ரத்தம் வருதுன்னு நான் சொல்லவே இல்லையே.

வந்தவள்: சொல்லல. உங்க முகத்தைப் பார்த்தேன். அந்தாள் உள்ள காலை வச்சா நீங்க செத்துடுவீங்க போல இருந்துச்சு. அதான் வாயில வந்ததைச் சொன்னேன்.

வீட்டுக்காரி: அவர் சொன்னது நெஜம். போன மாசமே இந்தத் தெருக் கணக்கு முடிஞ்சுபோச்சு. வேற ஒரு அம்மா வந்தாங்க. நீங்க யாரு?

வந்தவள்: நானும் கணக்கெடுக்கிறவதான்.

வீட்டுக்காரி: நெஜத்தைச் சொல்லுங்க. உங்களை முதலாளி அனுப்பினாரா? யார் யார் வாயைத் திறக்கறாங்கன்னு பார்க்கவா வந்தீங்க?

வந்தவள்: இல்லம்மா. என் அடையாள அட்டை பொய்யில்ல. ஆனா என் பகுதி இது இல்ல, ஊருக்கு அந்தக் கோடி... நான் என் தம்பியைத் தேடிக்கிட்டு வந்தேன்.

வீட்டுக்காரி: தம்பியா...

வந்தவள்: காலேஜ் முடிச்சவன். ஏறி இறங்காத ஆபீஸ் இல்ல. திடீர்னு ஒரு நாள், இரும்புக் கடையில கணக்கு எழுதற வேலை கிடைச்சிருக்கு, ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து சம்பாதிக்கிறேன்னான். எங்க வீட்டுக் கணக்கை நான்தான் எழுதினேன். தம்பி, மாதச் சம்பளக்காரன்னு பெருமையா போட்டேன்.

வீட்டுக்காரி: அப்புறம்?

வந்தவள்: ஒரு நாள் நகத்துல நீலம் இருந்துச்சு. கேட்டா, கடையில பெயிண்ட் டப்பா கவிழ்ந்துச்சுன்னான். நம்பினேன். போன வாரம் போனவன் வரவே இல்ல. கடைக்குப் போய்க் கேட்டா, அப்படி ஒருத்தன் அங்க வேலையே பார்க்கலியாம்.

வீட்டுக்காரி: ஸ்டேஷனுக்குப் போனீங்களா?

வந்தவள்: போனேன். எங்க வேலை பார்த்தான்னு கேட்டாங்க. ஊர்ல இருக்கிறவங்க வேலையெல்லாம் எழுதறவ நான்... என் தம்பி என்ன வேலை பார்த்தான்னு சொல்ல முடியாம நின்னேன். அப்புறம் பஸ் ஸ்டாப்புல ஒருத்தர்தான் சொன்னாரு, நீலக் கைக்காரங்கன்னா இந்தத் தெருவுல போய்க் கேளுங்கன்னு. சும்மா வந்து கேட்டா யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. கேள்வி கேட்க எனக்குத் தெரிஞ்ச வழி இது ஒண்ணுதான்.

வீட்டுக்காரி: உங்களுக்கும் யாரும் வாயைத் திறக்கலியே.

வந்தவள்: இல்ல... அங்க என்னம்மா நடந்துச்சு?

வீட்டுக்காரி: சொன்னா இந்தத் தெருவுல எனக்கு இருக்க இடம் இருக்காது.

வந்தவள்: சொல்லலைன்னா எனக்கு உலகத்துலயே இடம் இல்ல.

வீட்டுக்காரி: ...கதவைச் சாத்துங்க.

வந்தவள்: சாத்திட்டேன்.

வீட்டுக்காரி: பட்டறைக்குப் பின்னாடி கழிவுத் தொட்டி ஒண்ணு இருக்கு. அதுல இறங்கி சேத்தை அள்ளச் சொன்னாங்க. பழைய ஆளுங்க யாரும் இறங்கல, விஷக்காத்து இருக்கும்னு தெரியும். புதுசா வந்த ஒருத்தருக்கு அது தெரியாது. அவர் இறங்கினாரு. இறங்கின வேகத்துல மயக்கம் போட்டுட்டாரு.

வந்தவள்: ம்...

வீட்டுக்காரி: மேஸ்திரி, யாரும் இறங்காதீங்க, ஓடிடுங்கன்னு கத்திக்கிட்டே முதல் ஆளா ஓடிட்டாரு. ஒருத்தர் மட்டும் கேட்கல. வாயில துண்டைக் கட்டிக்கிட்டுக் குதிச்சாரு. மயங்கிக் கிடந்தவர் இடுப்புல கயித்தைக் கட்டி விட்டாரு. மேல இருந்தவங்க இழுத்துட்டாங்க. கயித்தைத் திரும்பப் போடறதுக்குள்ள...

வந்தவள்: கட்டி விட்டவரு?

வீட்டுக்காரி: வரல. ராத்திரியோட ராத்திரியா முதலாளி தொட்டிக்கு மேல சிமென்ட் போட்டு மூடிட்டாரு. அங்க யார் பேரும் எழுதறதில்ல மேடம். வந்தா கூலி, வராட்டி இல்ல. அதனால உள்ள இருக்கிறது யாருன்னு அவங்களுக்கே தெரியாது. தெருவுல இருந்த ஆம்பளைங்களைச் சாட்சி சொல்லிடுவாங்கன்னு மிரட்டி ஊரை விட்டே அனுப்பிட்டாங்க. பொம்பளைங்க எல்லாரும் ஒரே பதில் சொல்லணும்னு உத்தரவு.

வந்தவள்: மேல வந்தவர்?

வீட்டுக்காரி: இழுத்த ரெண்டு பேரும் இருட்டுல தூக்கிட்டு வந்து இங்க போட்டாங்க, நடந்ததையும் அவங்கதான் சொன்னாங்க. தெளிவான பேச்சு இல்ல. கண்ணு சரியாத் தெரியல. மூச்சு மட்டும் இருக்கு.

வந்தவள்: மேல வந்தவர் உங்க வீட்டுக்காரர்... அப்போ கயித்தைக் கட்டி விட்டது...

வீட்டுக்காரி: மேடம்...

வந்தவள்: செய்வான். அவன் அப்படிப்பட்டவன்தான். தெருநாய் கிணத்துல விழுந்தாக்கூட குதிச்சுடுவான்... ஒரு நிமிஷம் இரும்மா.

வீட்டுக்காரி: உட்காருங்க.

வந்தவள்: வேண்டாம். உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். பொழுது சாயறதுக்குள்ள அவங்க வண்டி வந்துடும். தெருமுனையில நான் வந்த ஆட்டோ நிக்குது. உங்க வீட்டுக்காரரை ரெண்டு பேருமாத் தூக்கிடலாம். இந்த ஊர் ஆஸ்பத்திரி வேண்டாம், பக்கத்து ஊருக்குப் போயிடலாம். நான் கூட இருக்கேன்.

வீட்டுக்காரி: உங்க தம்பி போயிட்டாருன்னு நினைக்கிறீங்க. அப்பவும் என் வீட்டுக்காரரைக் காப்பாத்தணும்கிறீங்களா?

வந்தவள்: அவன் கயித்தைக் கட்டி விட்டது எதுக்கு? இந்த மனுஷன் பிழைக்கணும்னுதானே. நான் இங்கயே விட்டுட்டுப் போனா அவன் செஞ்சதுக்கு என்ன அர்த்தம்?

வீட்டுக்காரி: உங்க தம்பி உங்களை எப்படிக் கூப்பிடுவாரு? அக்கான்னா?

வந்தவள்: இல்ல. டீச்சர்னு. சின்ன வயசுல வாய்ப்பாடு சொல்லலைன்னா தலையில குட்டுவேன். அப்போ வச்ச பேரு. எதுக்கும்மா கேட்கற?

வீட்டுக்காரி: நினைவு தப்பின நேரத்துல ஓயாம டீச்சர் டீச்சர்னுதான் முனகறாரு. யாரோ பள்ளிக்கூட டீச்சர்னு நினைச்சுட்டேன்... உள்ள போங்கக்கா. படுத்திருக்கிறது உங்க தம்பி. கயித்தைக் கட்டி விட்டவர்தான் என் வீட்டுக்காரர். உசிரோட வெளிய வந்தவரை அவங்க தேடறாங்கன்னு தெரிஞ்சதும், வெளியாள்னா தீர்த்துடுவாங்கன்னு பயந்து, இது என் புருசன்னு சொல்லிட்டேன். புருசன் வீட்டுல படுத்திருக்கிறப்ப எவளாவது ஒப்பாரி வைப்பாளா? அதனால இன்னும் ஒரு சொட்டு அழல. சீக்கிரம் கூட்டிட்டுப் போங்கக்கா, நான் அழணும்.