தோத்த கையோட வண்டி ஏறமாட்டேன்

– நடுவுல வை, குப்பாயி! நடு எடத்தைப் புடிச்சவளுக்குத்தான் ஆட்டம்னு எத்தனை தடவை சொல்றது?

– மூலையிலயே வெக்கறனுங்க நங்கை. மூலைதான் எனக்கு ராசிங்க.

– ராசியாம் ராசி! அந்த ராசியிலதான் காலையில புடிச்சுத் தோத்துக்கிட்டே கெடக்கற.

– இன்னொரு ஆட்டம் போடலாமுங்க. புளியங்கொட்டை எனக்கு, ஆமணக்கு உங்களுக்கு.

– வாசல்ல உங்கப்பன் வண்டியக் கட்டி நிறுத்தீட்டு நிக்கறாரு. வெயிலுக்கு முந்தி மோகனூரு போய்ச் சேர வேண்டாமா?

– ஒரு ஆட்டமாவது கெலிச்சாத்தான் வண்டி ஏறுவேன்னு சொல்லிட்டனுங்களே. தோத்த கையோட பொறந்த ஊட்டுக்குப் போறது ஆகாதுங்க.

– எவ சொன்னா?

– ...எங்கூர்ல சொல்லுவாங்க.

– புளுகு! மூணு கொட்டையும் ஒரே வரிசையில வந்தா கெலிச்சே. மாடு மேய்க்கற பசங்க ஆடறது. இது கூடவா வரல?

– மண்டையில ஏறலீங்களே.

– போன மாசம் என்னையத் தெணறடிச்சியே?

– அப்போ... அவரு பினாங்குல இருந்து வந்ததும் கெலிச்சுக் காட்டோணும்னு ஒரு வெறி இருந்துதுங்க.

– எந்தம்பியாவே இருந்தாலும் உம் புருசன் பேச்சை எடுக்காத. அங்க ஒருத்தியக் கட்டிக்கிட்டுப் புள்ளையும் பெத்துட்டான். கப்பல்ல வந்தவனெல்லாம் அதையேதான் சொல்றான். அவனுக்காவ நீ இங்க கெடந்து கருகோணுமா?

– நான் கருகலீங்க.

– வாய மூடு. பரமத்தியில மாப்பிள்ளை பாத்திருக்குது. கொடிக்கால்ல வெத்தலை கிள்றவரு, கெட்ட பழக்கம் ஒண்ணுமில்ல. நம்ம சனத்துல ரெண்டாங் கட்டு ஒண்ணும் புதுசில்ல.

– அப்பறம் நீங்க ஏனுங்க கட்டிக்கல?

– தாலியறுத்து வந்த எனக்கு ஆரு வண்டி கட்டிக்கிட்டு வந்தா?... ஆடு, ஆடு.

– நான் இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முந்தி ஆரு கூட ஆடுவீங்க?

– வலது கைக்கும் எடது கைக்கும் ஆட்டம் போடுவேன்.

– ஆரு கெலிப்பாங்க?

– வலது கைதான். எடது கை பாவம்... சிரிக்காத!

– சிரிக்கலீங்க.

– அழுவவும் வேண்டாம். காயப் பாரு. ரெண்டு பக்கமும் உங்கொட்டை, நடு காலி. மூணாவதை நடுவுக்கு ஒரு தள்ளு தள்ளு.

– நடுவ வேணும்னே உட்டிருக்கீங்க.

– சேச்சே... கண்ணு மங்கிப் போச்சு எனக்கு.

– நேத்து ஊசியில நூலு கோத்தீங்களே?

– பேச்சக் கொறை. தள்ளு, கெலி, வண்டி ஏறு.

– ...தள்ளீட்டனுங்க.

– அடிப்பாவி! அந்தப் பக்கம் எதுக்குடி தள்ளுன?

– கை தவறிப் போச்சுங்க.

– கையி தவறல. சரி, நான் என்னுத ஓரமா நகத்தீட்டேன். நடு இன்னும் காலியாத்தான் கெடக்குது. உம் மொறை... குப்பாயி, எம் மூஞ்சியப் பாரு. உனக்கு இந்த ஆட்டம் தெரியும்.

– தெரியுமுங்க.

– அப்பறம் எதுக்குத் தோக்கற?

– எங்கப்பனுக்கு ஆளு உட்டது ஆருங்க?

– ...எனக்கென்ன தெரியும்?

– மாப்பிள்ளை பாத்தது ஆருங்க? எல்லாம் நங்கைதான்னு அப்பன் சொல்லிட்டாருங்க.

– ஆமா, நாந்தான்! அறியாத வயசு உனக்கு. என்னையாட்டம் செவுத்தோட பேசிக்கிட்டு நீயும் கெழவியாவோணுமா?

– நான் போயிட்டா நீங்க ஆரோட பேசுவீங்க? அதுக்குத்தானுங்க தோத்தேன். மொத ஆட்டத்துல இருந்தே.

– தெரியும்டி. நீ தோக்கத் தோக்க எம்மனசு உள்ளுக்குள்ள சந்தோசப்பட்டுது. இன்னும் ஒரு ஆட்டம் தோத்தீன்னா, போவாதன்னு நானே உங் காலைக் கட்டிக்குவேன்... தள்ளு சாமி, தள்ளீட்டுப் போயிரு.