மாம்பழம் ஆகாது

ஆரஞ்சுத் தோலைச் சீவும்போது உள்ளே இருக்கிற வெள்ளை வந்துவிடக் கூடாது, கசக்கும். சமையலிலிருந்தே சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டதால் அங்கிருந்து தொடங்குகிறேன். எழுதுகிறவர் மெதுவாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

கோழித் தொடையைத் தோல் பக்கம் கீழே இருக்கும்படி சட்டியில் வைத்துவிட்டு, அது தானாகச் சட்டியை விடும் வரை தொடக் கூடாது. பிறகு அதே கொழுப்பில் பூண்டு, ஆரஞ்சுச் சாறு. இறக்கும்போதுதான் புதினா, முன்னாலேயே போட்டால் கறுத்துவிடும். புளிப்புக்கு எலுமிச்சை பிழிவார்கள். நான் பிழியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், தம்பி, தம்பி மனைவி. அம்மா போனபோது தம்பிக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவன் வயிறு என் பொறுப்பு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, வேண்டுமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அவன் படித்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். முப்பத்தெட்டு வயதில், மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். மூன்று வருடம் ஆன பிறகும் நான் அவளைப் புதுப்பெண் என்றுதான் கூப்பிடுவேன். “என்னைப் பழசாகவே விடமாட்டீங்களா அண்ணி?” என்று சிரிப்பாள். நல்ல பெண். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

வந்த முதல் வாரம் மாம்பழம் நறுக்கி வைத்தேன். தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, “எனக்கு மாம்பழம் ஆகாது அண்ணி” என்றாள்.

அந்தச் சொல்லைத் தயவுசெய்து சரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஆகாது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்தான். அப்பாவுக்குப் பெரியப்பாவைக் கண்டால் ஆகாது. தம்பிக்குச் சின்ன வயதில் கத்தரிக்காய் ஆகாது. துளித்துளியாகப் பருப்பில் மசித்துக் கொடுத்தேன், மூன்றே மாதத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஆகாது என்றால் பிடிக்காது. பிடிக்காததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும். மாம்பழம் பிடிக்காத மனிதர் உண்டா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பத்து நாள் கழித்துத் தயிரில் ஒரு கரண்டி மாம்பழச் சாறு கலந்தேன். கால் மணி நேரத்தில் அவள் உதடு தடித்து, கண் இமை பொங்கி, மூச்சு விசில் மாதிரி வந்தது. தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் ஓடினான். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கக்கூட அவனுக்குப் பொறுமை இல்லை. அவன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

டாக்டர் விளக்கமாகச் சொன்னார். அவசரத்துக்குத் தொடையில் போட்டுக்கொள்ள இரண்டு ஊசிகள் கொடுத்தார்; ஒன்று கைப்பையில், ஒன்று சமையலறை இழுப்பறையில். “வீட்ல மாம்பழம் புழங்குதாம்மா?” என்று என்னைக் கேட்டார். “இனிமே ஒரு பழம்கூட வாங்க மாட்டேன் டாக்டர்” என்றேன். வாங்கவும் இல்லை. வேண்டுமானால் கடையில் விசாரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நான் வாங்கியதெல்லாம் மாங்காய்தான்.

நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம். அவள் பழம் ஆகாது என்றாள், டாக்டரும் பழம் என்றே கேட்டார். காயைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. வேகவைத்து மசித்தால் காய் இருந்த இடம் தெரியாது, மணமும் குறைவு. அரைக் கரண்டி. மாதம் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. சில நாள் நாக்கு நமைக்கும், சில நாள் கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவக்கும். மாத்திரையில் அடங்கிவிடும்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதைச் சொல்வதுதான் கொஞ்சம் கடினம்.

அவள் பயந்துபோனாள். எது சேரவில்லை என்று தெரியாமல் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டு அனுப்பினாள். கம்பளி போனது. திரைச்சீலை போனது. ஜன்னல் வழியாக வந்துபோகிற பக்கத்து வீட்டுப் பூனை வராதபடி வலை அடித்தோம். சோப்பை நாலு முறை மாற்றினாள். கடையில் சாப்பிடுவதை விட்டாள், பிறகு அவள் அம்மா வீட்டில் சாப்பிடுவதையும் விட்டாள். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் கரண்டியைத் திருப்பி, அதன் முதுகில் தன் உதட்டைப் பார்த்துக்கொள்வாள். மெல்லத் தொண்டையைச் செருமிப் பார்ப்பாள். அந்தச் செருமல் எனக்கு அடுப்பங்கரை வரை கேட்கும். கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் போய், முதுகைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்காருவேன். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் அப்படியே படுத்துக்கொண்டு சொன்னாள். “உலகத்துல எதைத் தொட்டாலும் பயமா இருக்கு அண்ணி. உங்க கையால சாப்பிடுறப்ப மட்டும்தான் பயமில்ல.”

அப்படி ஒரு வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. தம்பி சாப்பிடுவான், தட்டைக் கழுவி வைப்பான், வேலைக்குப் போவான். அவ்வளவுதான்.

பிறகு அவனுக்கு வேறு ஊரில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. கம்பெனியே குடியிருப்பும் கொடுத்தது. “ரெண்டே ரூம்தான்க்கா. உனக்கு இங்கயே சின்னதா ஒரு ரூம் பார்த்திருக்கேன், செட்டில் ஆனதும் உன்னைக் கூட்டிட்டுப் போறேன்” என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளோ சின்னப் பிள்ளை மாதிரி குதூகலமாக இருந்தாள். “இந்த வீட்டுலதான் ஏதோ இருக்கு அண்ணி. வெளிய போய்ட்டா எனக்குச் சரியாயிடும்னு தோணுது.”

பொய் சொல்லவில்லை, நான் நிஜமாகவே பயந்தேன். தனியாக இருப்பதை நினைத்து மட்டும் இல்லை, ஒரே ஓர் ஆளுக்கு எப்படி அளந்து சமைப்பது என்று எனக்குத் தெரியாது என்றாலும். நான் பயந்தது என் தம்பியின் மூளையை நினைத்து. லிஃப்ட் நின்றுபோனால் அவன் என்ன செய்வான் தெரியுமா? ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்து, எது இல்லாதபோது ஓடுகிறது என்று பார்ப்பான். போன இடத்தில் அவளுக்கு ஒன்றும் வராது. முதல் மாதம் வராது, இரண்டாம் மாதமும் வராது. பூனை இல்லாமலும் வந்தது, கம்பளி இல்லாமலும் வந்தது, அக்கா இல்லாதபோது மட்டும் வரவில்லையே என்று ஒருநாள் அவன் உட்கார்ந்து யோசிப்பான்.

பயணம் தள்ளிப்போக வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவே.

கிளம்புகிற அன்று காலையிலேயே சாமான் லாரி போய்விட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆரஞ்சுக் கோழி வேண்டும் என்று அவளே கேட்டாள். சட்டி ஒன்றும் தட்டு மூன்றும் மட்டும் வைத்துக்கொண்டேன். தம்பி வீட்டுக்காரரிடம் சாவி விஷயம் பேசக் கீழே போயிருந்தான். நாங்கள் இருவரும் வெறுந்தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டோம். சுவர்க் கண்ணாடி போய்விட்டது. கரண்டியும் போய்விட்டது.

நாலு வாய் சாப்பிட்டிருப்பாள். செருமினாள். தட்டுக்குப் பக்கத்தில் கரண்டியைத் தேடி, அது இல்லை என்று தெரிந்ததும் முகத்தை என் பக்கம் தூக்கிக் காட்டினாள்.

“அண்ணி, என் உதடு சரியா இருக்கா?”

பார்த்தேன். மேலுதடு ஒரு பக்கம் உருண்டு வந்திருந்தது.

“நல்லாத்தான் இருக்கு. சாப்பிடும்மா.”

சாப்பிட்டாள். நான் சொன்னதால் சாப்பிட்டாள். பிறகு கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, “ஊசி எங்க?” என்றாள். பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். அது உண்மை. இரண்டையும் துணியில் சுற்றி, சமையல் சாமான் பெட்டியின் அடியில் வைத்து, மேலே ‘கடைசியில் பிரிக்கவும்’ என்று நானே எழுதி ஒட்டி, காலையில் லாரியில் ஏற்றியிருந்தேன். அவள் என் புடவை முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் என்னைவிட்டு நகரவே இல்லை. கடைசிவரை அவள் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு போட்டேன் என்பதுதானே உங்கள் கேள்வி? அரைக் கரண்டி இல்லை. எலுமிச்சைக்குப் பதில் ஒரு முழு மாங்காய். பயணம் தள்ளிப்போக அரைக் கரண்டி போதும் என்று எனக்குத் தெரியும்தான்.

அவள் பிடி தளர்ந்த பிறகு சட்டியைக் கழுவினேன். சாறு காய்ந்தால் தேய்க்கக் கஷ்டம். கழுவிவிட்டுத்தான் தம்பியைக் கூப்பிட்டேன்.

அவன் அழவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து, குப்பைக்கூடையைத் தரையில் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தான். ஆரஞ்சுத் தோல், பூண்டுத் தோல், புதினாக் காம்பு, எலும்பு. கடைசியில் மாங்கொட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னை வெகுநேரம் பார்த்தான். அப்போது அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. அவன் மனைவி கரண்டி முதுகைப் பார்க்கும்போது இருக்குமே, அந்த முகம்.

நேற்று இங்கே வந்திருந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். “இனிமே உனக்கும் எனக்கும் ஆகாதுக்கா.” நான் வாங்கி வைத்திருந்த பிஸ்கட்டைத் தொடாமல் போய்விட்டான்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் கத்தரிக்காயைப் பற்றியும் இதையேதான் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்.