முதுகில் மணி கோத்த கவுன்

1934 அக்டோபர் 17, புதன்கிழமை, காலை ஏழே முக்கால். ஹாலிவுட்டில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையின் டெலிபோன் கூண்டுக்குள் வெர்னா டட்டில் நின்றிருந்தாள். கோடீஸ்வரன் மகள் பால்காரனைக் காதலிக்கும் வேடிக்கைப் படம் ஒன்றில், விருந்து மேசையில் உட்காரும் துணை நடிகைகளில் அவள் ஒருத்தி. மற்ற நாட்களில் பாசடீனாவில் திருமதி எல்ஸ்வர்த் வீட்டு வேலைக்காரி. அந்த வீட்டுச் சமையலறையில் இருக்கும் சமையல்காரி நோராவைத்தான் கூப்பிட்டிருந்தாள்.

"ஹலோ... நோரா அக்காவா? நான்தான், வெர்னா... கத்தாதீங்க, மெதுவா... ஆமா, ஆமா, எங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னுதான் லீவு சொன்னேன்... எங்கம்மாவா? கல்லு மாதிரி இருக்கா. அத விடுங்க. அக்கா, நம்ம எசமானியம்மாவோட அந்தப் பச்சைப் பட்டு கவுன்... முதுகுல கண்ணாடி மணி கோத்ததுதான்... நான்தான் எடுத்துட்டு வந்தேன். திங்களும் செவ்வாயும்...

"ஐயோ, திருடல அக்கா! சாயங்காலமே கொண்டாந்து, இஸ்திரி போட்டு, எடுத்த எடத்துலயே மாட்டிட்டேன்... என்ன பண்றது, இங்க அப்படித்தான். சொந்தமா விருந்து உடுப்பு வெச்சிருக்கறவளத்தான் பணக்கார மேசையில உக்கார வைப்பாங்க. இல்லாதவ தெருவுல கூட்டத்தோட கூட்டமா நிக்கணும். நாலு வருஷம் நின்னேனே, போதாதா?... ஆமா, என்னோட கவுனுன்னு பொய்தான் சொன்னேன்...

"காலையில பாத்தா அலமாரியில இல்ல... அவங்க ரூம்லயா? நெனச்சேன்... இன்னும் தூங்கறாங்களா?... வேற கவுன் ஆகாது அக்கா! ரெண்டு நாளா அதத்தான் படம் புடிச்சிருக்காங்க... கறுப்பு வெள்ளைப் படத்துல நெறம் யாருக்குத் தெரியப்போகுது, அந்த மணிதான் தெரியும். இன்னிக்கு மணி இல்லாம போய் உக்காந்தா, எடுத்தது அத்தனையும் குப்பை...

"கேளுங்க. இதுவரைக்கும் என் முதுகு மட்டுந்தான் படத்துல. இன்னிக்குத் திரும்பறேன்! டைரக்டரே சொன்னாரு. திரும்பி, கதாநாயகனப் பாத்து, 'எங்க தெருவுக்கு ஏன் பால் கொண்டு வர்றதில்ல?'ன்னு கேக்கணும்... அவ்வளவுதான். ஒரே வரி... சிரிக்காதீங்க அக்கா. நாலு வருஷத்துல மொதல் வரி.

"டிரைவர்கிட்ட குடுத்தனுப்புங்க. ஒம்பதரைக்குள்ள. உங்க கால்ல விழறேன்... அக்கா? யாரோ மூச்சு விடற மாதிரி இருக்கே... அக்கா?"

அந்த வீட்டு மாடியிலும் அதே இணைப்பில் ஒரு டெலிபோன் இருந்தது. தினமும் அதைத் துடைப்பவள் வெர்னாதான். இப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

"அம்மா... நீங்களா... எல்லாமே கேட்டீங்களா?... ஆமாம்மா. தப்புதாம்மா. கிழியல, கறை படல, ஒரு மணிகூட உதிரல... வேலைய விட்டுப் போயிடறேன்மா, போலீஸ் மட்டும் வேணாம். ஆனா இன்னிக்கு, இந்த ஒரு நாள்... ஆமா... ஆமாம்மா...

"என்னது?... கதாநாயகனா? கிளைடு மெரிக், அம்மா... ஆமா, அவரேதான்... எவ்வளவு கிட்டயா? கை நீட்டினா தொடலாம்... நேர்ல இன்னும் அழகுதான்... இல்ல, நாளைக்கு மேசையப் பிரிச்சிருவாங்க. இன்னிக்குத்தான் கடைசி...

"நீங்களே வர்றீங்களா? அம்மா, நீங்க நல்லா இருக்கணும்! வாசல்லயே நிக்கறேன், கையில குடுத்துட்டு நீங்க... இல்லையா? பின்ன?... கவுனப் போட்டுக்கிட்டா? யாரு... நீங்களா?

"அம்மா, சினிமாக்காரங்க வாசப்படி ஏறக்கூடாதுன்னு நீங்கதானே... ஆமா, இதுவரைக்கும் என் மொகம் படத்துல தெரியலதான். நான்தான் சொன்னேன்... ஒசரமும் ஒண்ணுதான்... வயசா? மேசையில நாப்பது வயசுக்காரங்களும் இருக்காங்க, அதுக்கில்ல... அம்மா, உங்களுக்கு இது வெளையாட்டு. எனக்கு... அந்த வரி எதுக்கும்மா உங்களுக்கு?... ஆமா, கேட்டுட்டீங்கதான்... அதச் சொல்லிச் சொல்லி ரெண்டு நாளா தூங்கலம்மா... வெச்சிராதீங்க, ஒரு நிமிஷம்... அம்மா? ஹலோ? ஹலோ?"

மறுமுனையில் யாரும் இல்லை.

திருமதி எல்ஸ்வர்த் ஒன்பது இருபதுக்குக் காரில் வந்து இறங்கினார். உதவி இயக்குநர் அவருக்குப் பின்னால் போய் நின்று, மணிகளை முந்தைய நாள் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போகச் சொன்னார். பால் பற்றிய அந்த வரி திருமதி எல்ஸ்வர்த்தின் வாயில் ஆறாவது தடவையில் சரியாக வந்தது. அன்றைய பட்டியலிலிருந்து வெர்னாவின் பெயர் அடித்து நீக்கப்பட்டது. அவள் பதினொரு மணி டிராமில் பாசடீனாவுக்குத் திரும்பிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள்.