கோணல் மெழுகுவத்தி

முருங்கைக்கீரை உருவிக்கிட்டே சொல்றேன். கை சும்மா இருந்தா எனக்கு வாய் வராது. நீங்களும் என் முகத்தைப் பாக்காதீங்க, முறத்தைப் பாருங்க.

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போய்க் கொஞ்ச காலம் ஆகியிருந்த சமயம். செங்கல்பட்டுக்குத் தெக்கே வெள்ளேரின்னு இதே ஊருதான். இந்த ஊர்ல அமலோற்பவம்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வீட்டுக்காரருக்குப் பாட்டியோட அம்மா. நான் பாத்ததில்ல, காதால கேட்டதுதான். புருஷன் தவறிப்போயி, ஒரே மக ரெஜினாவை வெச்சுக்கிட்டு, அண்டை வீட்டு நெல்லைக் குத்திக் கஞ்சி குடிச்சவளாம்.

அவகிட்ட நிலம் இல்ல, நகை இல்ல. ஒரு பெருமை மட்டும் இருந்துச்சாம். கிணத்துல தண்ணி சேந்தும்போதும் அதைத்தான் சொல்லுவாளாம். பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நிக்கும்போதும் அதைத்தான் சொல்லுவாளாம்.

"எங்க ஆயா அருளாயி பட்டணத்துல துரைமாருங்க நடுவுல படுத்திருக்கா. கல்லுல பேரு வெட்டி வெச்சிருக்காங்க. உங்க ஆயாவுக்கு உண்டா கல்லு?"

நம்ம பக்கம் பாட்டியை ஆயான்னுதானே கூப்பிடுறோம். அதை மனசுல வெச்சுக்குங்க. கதையே அதுலதான் மாட்டிக்கிட்டு நிக்குது.

ரெஜினாவைப் பொண்ணு பாக்க மதுராந்தகத்துல இருந்து வந்தாங்களாம். மாப்பிள்ளையோட அப்பா செலஸ்தீன் வாத்தியாரும், அவரோட அக்கா பிலோமினாவும். பொண்ணு பிடிச்சுப்போச்சு. காப்பியும் குடிச்சாச்சு. வாயை மூடிக்கிட்டு இருந்தா அன்னிக்கே கல்யாணம் முடிவாகியிருக்கும். அமலோற்பவத்துக்கு வாய் சும்மா இருக்குமா? ஆயா கதையை எடுத்து விட்டா.

அந்த வாத்தியாருக்கு ஒரு கிறுக்கு உண்டாம். செத்துப்போனவங்க யாரு, எங்க அடக்கம், யாரோட வம்சம்னு தேடிக்கிட்டே இருப்பாராம். துரைமாருங்க நடுவுலன்னு சொன்னதும் துள்ளி எழுந்தாராம்.

"எந்தக் கல்லறைத் தோட்டம்மா? பட்டணத்துப் பெரிய தோட்டமா? அதுக்கு இங்கிலீஷ்ல கைடு புத்தகமே போட்டிருக்காங்களே! எந்தப் பாதையில போனா யாரு இருக்காங்கன்னு எல்லாம் இருக்கு. பையிலேயே வெச்சிருக்கேன், இருங்க."

விரலால எச்சில் தொட்டுப் புரட்டினாராம். புரட்டினாரு, புரட்டினாரு, ஒரு இடத்துல நிறுத்தினாரு. "இதோ! 'ஆயா அருளாயி'. தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிழக்கே."

அமலோற்பவம் கையைத் தட்டிட்டாளாம். "பாத்தீங்களா! புத்தகத்துலயே ஆயான்னு போட்டிருக்கான். வெள்ளைக்காரனே எங்க ஆயாவை ஆயான்னு கூப்பிட்டிருக்கான்!"

"உங்க ஆயாவை அவன் ஏன் ஆயாங்கறான்?"ன்னு பிலோமினா கேட்டாளாம்.

"அம்மாம் மரியாதை அண்ணி!"

வாத்தியாரும் தலையை ஆட்டினாராம். அவருக்கும் அவங்க ஆயாதானே ஞாபகத்துக்கு வரும்? எல்லாருமா போயி ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்து, அப்புறம் கோயில்ல கல்யாண ஓலை எழுதிக்கலாம்னு முடிவு பண்ணினாங்களாம்.

நல்ல வெயில் நாளு. ரயில்ல போனாங்க. அமலோற்பவம் தடிமனா ஒரு மெழுகுவத்தி வாங்கிப் பையில வெச்சுக்கிட்டா. ரெஜினா தலை நிறையக் கனகாம்பரம் வெச்சுக்கிட்டா. தோட்டத்துக்குள்ள வாத்தியார் புத்தகத்தை விரிச்சுக்கிட்டு முன்னால நடக்க, மத்தவங்க பின்னால. தூங்குமூஞ்சி மரம் வந்துச்சு. கிழக்கே திரும்பினா, முழங்கால் உசரத்துக்கு ஒரு கல்லு. பாசி பிடிச்சுக் கிடந்துச்சாம்.

அமலோற்பவத்துக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. மண்டி போடக் குனிஞ்சா. மேல நின்னு வாத்தியார் படிச்சாரு. கல்லுல கீழே இன்னும் எழுத்து இருந்துச்சு. இங்கிலீஷ்ல படிச்சுத் தமிழ்ல சொன்னாரு.

"அருளாயி. எங்கள் வீட்டு ஆயா. எங்கள் மகனுக்குத் தாய்ப்பால் கொடுத்து வளர்த்த விசுவாசமான வேலைக்காரி."

படிச்சவரு புத்தகத்தை மெதுவா மூடினாராம். "ஏம்மா… இது பாட்டிங்கற ஆயா இல்ல. குழந்தை தூக்கற ஆயா."

குனிஞ்சவ குனிஞ்சபடியே நின்னாளாம். கிணத்தடியில பேசின பேச்செல்லாம் ஒண்ணு விடாம அவ காதுக்குள்ள திரும்பி வந்துச்சாம். பிலோமினா பாக்கறா. பெத்த மக பாக்கறா. பால் வித்தவ பேத்தின்னு நாளைக்கு ஊரே பாக்கும். அப்ப அவ ஒரு வார்த்தை சொன்னாளாம். அந்த வார்த்தையைச் சொல்லத்தான் இன்னிக்கும் எங்க வீட்ல எல்லாரும் தயங்குவாங்க.

"இது எங்க ஆயா இல்ல."

"பேரு அருளாயின்னுதானேம்மா இருக்கு?"

"ஊர்ல ஒரு அருளாயியா? இவ யாரோ. எங்க ஆயா… அதோ, அவங்கதான்!" பக்கத்துல பளபளன்னு பளிங்குல ஒரு பெரிய கல்லறை. அதைக் கையைக் காட்டிட்டா.

வாத்தியார் போயிப் பாத்தாரு. புத்தகத்தைத் திருப்பிப் பாத்தாரு. மறுபடியும் கல்லைப் பாத்தாரு.

"ஏம்மா, இவரு பாதிரியாரு."

"ஆங்?"

"பாரீசுல இருந்து வந்த சாமியாரும்மா! சாமியாருக்கா நீங்க பேத்தி?"

பிலோமினா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாளாம். அடக்க முடியாம சிரிச்சிட்டாளாம். வாத்தியாரும் சிரிச்சிட்டாரு. தோட்டத்துல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவங்க கூடத் திரும்பிப் பாத்தாங்களாம். ரெஜினா மட்டும் சிரிக்கல. தலையில இருந்த கனகாம்பரத்தை அவுத்து, அந்தப் பாசிக் கல்லு மேல வெச்சுட்டு, தனியா வாசலுக்கு நடந்துட்டாளாம்.

வாசல்ல பிலோமினா சிரிப்பை விட்டுட்டுச் சொன்னாளாம்: "எங்க ஆயா கான்வென்ட்டுல பத்துப்பாத்திரம் தேய்ச்சவதான். அதுல என்ன இருக்கு? ஆனா கண்ணு முன்னால படுத்திருக்கறவளை இல்லைன்னுட்டீங்களே. நாளைக்கு எங்களையும் இல்லைன்னு சொல்ல மாட்டீங்களா?" சொல்லி அனுப்பறோம்னாங்க. சொல்லி அனுப்பவே இல்ல.

வீட்டுக்கு வந்து பையைக் கவுத்தா, ஏத்தாத மெழுகுவத்தி வெயில்ல உருகி, கூனிக் கோணிப்போய்க் கிடந்துச்சாம். ரெஜினா அதை எடுத்துப் பாத்துட்டு, மாடத்துல வெச்சுட்டு, அடுப்பு பத்த வெக்கப் போயிட்டாளாம். திட்டியிருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்னு அமலோற்பவம் சாகிற வரைக்கும் சொன்னதா கேள்வி.

கிணத்தடிக்கு ஊரே வந்து கேட்டாங்க. "என்னடி, ஆயாவைப் பாத்தியா?" அவ குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிருவாளாம். கேட்டா ஓடுவா, கேட்டா ஓடுவா. இப்படியே கல்லறைத் திருநாளும் வந்துச்சு.

ஊரெல்லாம் வெள்ளேரிக் கல்லறைக்கு வந்து நிக்குது. அருளாயிக்கு இங்க கல்லு ஏது? அமலோற்பவம் நுழைவாசல் ஓரம் ஒரு செங்கல்லை நட்டு, அந்தக் கோணல் மெழுகுவத்தியை அது மேல வெச்சா. கோணலா இருந்ததால நிக்க மாட்டேங்குது. கையால பிடிச்சுக்கிட்டே பத்த வெச்சு, எல்லார் காதுலயும் விழறாப்ல சொன்னாளாம்.

"இது எங்க ஆயா அருளாயி. பட்டணத்துல துரை வீட்டுப் புள்ளைக்குப் பால் குடுத்து வேலை செஞ்சவ. அவ பாலை வித்து அனுப்பின காசுல பொழைச்ச வீடு எங்க வீடு. நான் அவ கல்லுக்கு முன்னாலயே நின்னு அவளை இல்லைன்னுட்டேன்."

மெழுகு உருகிக் கையில ஊத்துது. கையை எடுக்கல. பொம்பளைங்க ஒருத்தி முகத்தை ஒருத்தி பாக்கறாங்க. யாரோ ஒரு கிழவரு கனைச்சாராம். தன் மெழுகுவத்தியை அவ சுடர்லயே பத்த வெச்சுக்கிட்டுப் போயி, அவங்கப்பன் கல்லறை மேட்டுல நின்னு சத்தமா சொன்னாராம்: "எங்கப்பன் ராயப்பன். கள்ளுக்கடையில மொந்தை கழுவினவன். பூ யாவாரம்னு பொய் சொல்லியிருந்தேன்."

சிரிப்பு ஒண்ணு எழும்புச்சாம். உடனே அடங்கிருச்சாம். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து அந்தச் செங்கல்லுல பத்த வெச்சுக்கிட்டுப் போனாங்களாம்.

அதனாலதான் இன்னிக்கும் வெள்ளேரியில அந்தச் செங்கல்லுக்கு ஆயா கல்லுன்னு பேரு. கல்லறைத் திருநாளைக்கு நேரான மெழுகுவத்தியை அனல்ல காட்டி வளைச்சு, முதல்ல அங்கதான் ஏத்துவாங்க. ஏத்தறவங்க தன்னைப் பெத்தவங்க பேரையும் அவங்க செஞ்ச வேலையையும் வாய்விட்டுச் சொல்லணும். சொல்லாம ஏத்தினா அது விளக்கு இல்லையாம்.

முதல் மெழுகுவத்தியை மட்டும் வருஷத்துக்கு ஒரு வீட்டு மருமக ஏத்தணும். இந்த வருஷம் என் முறை. எங்கம்மா போய்ச் சேந்து ஆறு மாசம் ஆகுது. அவங்க என்ன வேலை செஞ்சாங்கன்னு பொண்ணு பாக்க வந்தப்போ ஒண்ணு சொல்லி வெச்சோம். இந்த வீட்ல இன்னும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. நெசமா எங்கம்மா…

"ஏ எஸ்தரு! புள்ள பாலுக்கு அழுவுது, காதுல விழல?"

தோ வரேன் அத்தை. இந்தக் கீரையைக் கொஞ்சம் பாத்துக்குங்க. எங்கம்மா பேரு மரியசெல்வம், அவங்க வந்து பட்டணத்துல ஒரு வீட்ல ஆயாவா இருந்தாங்க.