கணக்குக்குப் பதினாலு நிமிஷம்

"ஹலோ... ஹலோ... நான்தான்டா, உங்க அக்கா புருஷன். எதுக்கு இத்தனை நேரம் அடிக்க விட்டே?... ஆமா, ஆமா, ஹால்ல புரொஜெக்டர் மாட்டிக்கிட்டிருக்கே, தெரியும். அதை மாட்டாதேன்னு சொல்லத்தான் கூப்பிடுறேன்!"

கணக்கு வாத்தியார் ஆசிரியர் அறைக் கதவைக் காலாலேயே உதைத்துச் சாத்தினார். இரண்டாம் பீரியடு மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. மற்றவர்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். மேஜைமேல் அவருடைய சாக்பீஸ் டப்பாவும் ஏழாம் வகுப்பு 'பி' பிரிவின் கணக்குப் புத்தகமும் கிடந்தன. எதிரே கம்ப்யூட்டரில் அந்த ஷீட்டு. பார்க்கப் பார்க்க அவருக்கு உச்சி வரை ஏறியது.

"எந்த ஷீட்டா? பச்சைப் பிள்ளை கேக்குது பாரு! ஏழாம் பி போட்ட ஷீட்டு. 'மணி அடித்து எத்தனை நிமிடம் கழித்து ஆசிரியர் வருகிறார்?' தலைப்பைப் பாரு, தலைப்பை!... ஆமா, நீதான் கம்ப்யூட்டர் வாத்தியார், ஒரு மாசம் தகவல் சேர்த்துக் கட்டம் கட்டமா போடச் சொன்னே. ஒரு குழு மழையை அளந்தது, சரி. ஒரு குழு நூலகத்தை எண்ணுச்சு, சரி. இந்த நாலு வாலுங்களுக்கு அளக்குறதுக்கு நாங்கதான் கிடைச்சோமா?... அதுங்களே யோசிச்சதா? நீ என்ன சொன்னே?... 'நல்ல கேள்வி'ன்னியா? உன் வாயால?"

பதினொரு மணிக்குக் கூட்டம். துணைத் தலைமையாசிரியர் யார் என்று இன்றைக்குத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கு முன்னால் பிள்ளைகள் சேர்த்த தகவல்களைத் திரையில் காட்டுவார்கள். நிர்வாகக் குழு முழுவதும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கும். பதினாறு வருஷமாக அந்த நாற்காலிக்குக் காத்திருந்த மனிதர். காலையில் புதுச் சட்டை வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"தமிழ் ரெண்டு நிமிஷம். அறிவியல் மூணு. வரலாறு ஒண்ணரை. கணக்கு?... வாயைத் திறந்து சொல்லு... பதினாலு! பட்டை வரைபடத்துல மத்ததெல்லாம் குட்டிக் குட்டியா இருக்கு, என் பட்டை மட்டும் கூரையை முட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குச் சிவப்புக் கலர் வேற!... தானா வந்த கலரா? சரிதான், தானா வந்துச்சு!... மாமான்னு கூப்பிடாதே. உன்னை இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"குறுக்கே பேசாதே, கேளு. சராசரி எடுத்ததே தப்பு. நான் கட்டுற வீட்டுக்குக் கான்கிரீட் போட்ட அன்னிக்கு நான் வரவே முடியலை. ஒரு பீரியடு முழுசா, நாப்பது நிமிஷம் போட்டிருக்காங்க. அந்த ஒரு நாள் மத்த நாளையெல்லாம் இழுத்துட்டுப் போயிடும். இடைநிலை எடுக்கணும். வரிசையா அடுக்கி நடுவுல நிக்கிறதைப் பார்க்கணும். அதைப் போடச் சொல்லு... என்னது? போட்டிருக்காங்களா? எங்கே?... பக்கத்துக் கட்டத்துலயா... இரு..."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையருகே குனிந்தார்.

"பதிமூணு... சிரிக்காதே. யாரு சொல்லிக் குடுத்தது, நீயா?... நானா?... ஆமா. நான்தான் நடத்தினேன், போன மாசம்... நல்லாத்தான் நடத்தினேன். அது வேற விஷயம்!"

"கீழே என்ன எழுதியிருக்குதுங்க? 'இருபத்திரண்டு நாளில் எங்களுக்கு முந்நூற்றெட்டு நிமிடக் கணக்கு கிடைக்கவில்லை. கிட்டத்தட்ட எட்டு பீரியடு. அதனால்தான் வடிவியல் முடியவில்லை.' வடிவியல் முடியலையாம்! பெருக்கல் மட்டும் சரியா வருது அதுங்களுக்கு!... நிஜமா இருந்தா என்னடா? நிஜமெல்லாம் திரையில போடணுமா?... அந்தப் பக்கத்தைத் தூக்கிடு. தூக்கு. உங்க அக்காகிட்ட சொல்லவா?... பார்த்துட்டாளா? எப்போ காட்டினே?... என்ன சொன்னா?... 'நல்லா வேணும்'னா? அவளே சொன்னாளா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் திடீரென்று வெண்ணெயாக இறங்கியது.

"மாப்ளே... இங்க பாரு. ஒரே ஒரு உதவி. ஏழெட்டு நாள்ல மட்டும் அந்த ஒண்ணை அழிச்சுடு. பதினேழு ஏழாயிடும், பதினாறு ஆறாயிடும். யாருக்குத் தெரியப் போகுது?... தெரியுமா?... யாரு மாத்தினா? நேத்து சாயங்காலமா? எனக்கெப்படித் தெரியும், யாராவது கை தவறி... என் பேரா? ஷீட்டே நேரத்தோட காட்டுதா?... ஆறு இருபதுக்கா?"

புதுச் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"சரி, நான்தான். ஒரே ஒரு கட்டம்தானே மாத்தினேன்! காலையில பார்த்தா மறுபடியும் பதினேழு. ஓரத்துல குறிப்பு வேற. 'சார், பதினேழுதான். இரண்டு கடிகாரத்தில் பார்த்தோம்.' என்ன மரியாதை, என்ன மரியாதை! ... இல்லைடா. அதுங்க என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தாங்கிப்பேன். இது... விடு."

அந்தக் குறிப்பை மறுபடியும் ஒருமுறை படித்தார்.  அவமானம் பழையபடி கோபமாகவே வெளியே வந்தது.

"நீ ஒண்ணும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம்! தினம் காலையில மேஸ்திரி போன் பண்றான், மணல் வரலைங்கிறான், கம்பி பத்தலைங்கிறான், எடுக்காம இருக்க முடியுமா?... வராந்தாவுல நின்னுதான் பேசுவேன், வகுப்புக்குள்ளேயா... ஏ, இரு. இரு, இரு. இது என்னது? ஷீட்டுல ஏதோ ஓடுது. அடியில புதுசா ஒரு வரி. இன்னைக்குத் தேதி. 'கணக்கு'. நிமிஷக் கட்டம் காலியா இருக்கு... காரணம்... 'போ'... 'போன்'... அடப்பாவிங்களா! வகுப்புல இருந்தே அடிக்குதுங்க!"

அப்போதுதான் அவர் கண் சாக்பீஸ் டப்பாமேல் விழுந்தது. பிறகு சுவர்க் கடிகாரத்தின்மேல்.

"எத்தனை மணிக்கு மணி அடிச்சுது?... பத்து பத்துக்கு. இப்போ பத்து இருபது. நீதான்டா பேசியே கெடுத்தே!... ஆமா, நான்தான் கூப்பிட்டேன், அதுக்கென்ன இப்போ? இரு... பதினாலுக்குள்ள உள்ளே நுழைஞ்சா சராசரி இறங்கும். பதினாலுக்கு மேல போனா ஏறும். மாடிக்கு ஒரு நிமிஷம், வராந்தா ஒரு நிமிஷம்... போயிடலாம். கேளு, கூட்டம் ஆரம்பிக்கிறதுக்குள்ள அந்தப் பட்டை தானா இறங்கியிருக்கணும், என்ன?... இறங்கும்டா, கொஞ்சூண்டாவது இறங்கும். வை. வைடா போனை!"

அவரே துண்டித்தார். டப்பாவை எடுத்தார், புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கினார், கதவைத் திறந்தார். படிக்கட்டில் கால் வைக்கும்போது கையிலிருந்த போன் அதிர்ந்தது. நின்று திரையைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"ஹலோ... சொல்லுங்க மேஸ்திரி. சீக்கிரம் சொல்லுங்க."