உள்ளே தங்கிவிட்ட ரெப்போ

புரோகிராம்களைச் சேமிக்கும் ஒரு ரெப்போவுக்குள் இன்னொரு ரெப்போ இருந்தால், வெளியில் இருப்பதை சர்வருக்கு அனுப்பினாலே போதும், உள்ளே இருப்பதும் இடுப்புக் குழந்தைபோல் கூடவே போய்விடும் என்று நம்பியிருந்தேன். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், முன் பெஞ்சுப் பெண் உடன் வேலை செய்கிறவரிடம் பேசியதைக் கேட்கும்வரை.

“சேட்டா, வெளியில உள்ளத மாத்ரம்தான் அனுப்பினேன்.”

“எடீ, அப்போ ஆபீஸ்ல திறந்தா உள்ள காலி ஃபோல்டர்தான் இருக்கும். பத்து மணிக்குக் கஸ்டமர் வராரு, அதையா காட்டப் போற?”

“பேடிக்காதீங்க சேட்டா, பயப்பட ஒண்ணுமில்ல. வீட்டுல கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கு, என் வீட்டுக்காரரும் இருக்காரு.”

போனை எடுத்தாள். “ஏங்க, சாயாவ வச்சிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க. உள் ஃபோல்டருக்குப் போங்க. நான் சொல்ற எழுத்த மட்டும் அடிங்க, சொந்தமா ஒண்ணும் சேக்காதீங்க.”

கரை வருமுன் வேலை முடிந்தது. “இப்போ கஸ்டமர் ஒம்பது மணிக்கே வரட்டும்” என்றாள்.

அன்று காலை நானும் வெளியில் இருந்ததை மட்டுமே அனுப்பியிருந்தேன். என் வீட்டில் இருந்தது பூனை ஒன்றுதான்.

எர்ணாகுளத்தில் அவர்கள் இறங்கினார்கள். நான் அதே படகில் மட்டாஞ்சேரிக்குத் திரும்பினேன்.